தமிழில் விசாரிக்கப்பட்டது

மண்சரிவு அபாயம் இருக்கும் தேயிலைத் தோட்ட லயங்களிலிருந்து ஆட்களை வெளியேற்றி, வேறு இடத்தில் ஆளுக்கொரு காணித்துண்டு கொடுக்கப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் என் அம்மாவின் பெயர் இல்லை. இந்தச் செய்தியை எனக்குச் சொன்னது அரசாங்க உத்தியோகத்தர் யாரும் அல்ல. லுணுகலையில் சில்லறைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாதான். தோட்டத்துச் சனங்களுக்கு வரும் சிங்களக் கடிதங்களை வாசித்துச் சொல்வது அவருடைய சம்பளமில்லாத இரண்டாவது உத்தியோகம். ஒரு கையால் சீனி நிறுத்துக்கொண்டே மறு கையில் பொலிஸ் கடிதத்தை வைத்து வாசிப்பார். பட்டியல் ஒட்டிய அன்று அவரே நடந்து போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுத்தார்.

"டீச்சர், நான் ரெண்டு தரம் பாத்துட்டேன். ஒங்கட லயத்துல ஏழு வீட்டுப் பேரும் இரிக்கி. அம்மாட பேர் மட்டும் இல்ல."

எங்கள் லயத்தில் எட்டுக் காம்பராக்கள். காம்பரா என்றால் ஓர் அறை, அதற்குப் பின்னால் புகை படிந்த ஓர் அடுப்படி, அவ்வளவுதான். அம்மாவின் காம்பரா கடைசி. அதன் பக்கச் சுவரை ஒட்டித்தான் மலை ஏறுகிறது. போன மழைக்கு அந்தச் சுவர் வெடித்தது. வெடிப்புக்குள் என் கையை மணிக்கட்டு வரை விடலாம். விட்டுப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஈர மண் விரலில் பட்டது. மலை இறங்கினால் முதலில் போவது அம்மா. அதற்குப் பிறகுதான் மற்ற ஏழு பேர். அந்த ஏழு பேருக்கும் காணி உண்டு, அம்மாவுக்கு இல்லை என்றால் அந்தப் பட்டியலை எழுதியவர் லயத்தைக் கண்ணால் பார்த்தாரா இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. பார்த்திருக்கிறார். அதுவும் அம்மாவின் காம்பரா வாசலில் நின்று பார்த்திருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது.

அன்று பின்னேரமே பதுளையிலிருந்து பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா முட்டைக்கோவா நறுக்கிக்கொண்டிருந்தார்.

"லயத்துக்கு ஆபிஸ்ல இருந்து யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"வந்தாரே. நல்ல மாத்தயா. சின்ன வயசு. மழையில தொப்புன்னு நனஞ்சு வந்தாரு. பிளேன்ட்டி ஊத்திக் குடுத்தேன்."

"என்னா கேட்டாரு?"

"என்னென்னமோ கேட்டாரு. சிங்களத்துலதான்."

"நீ என்னா சொன்ன?"

"ஓவ்னு சொன்னேன்."

"எல்லாத்துக்குமா?"

"வேற என்னா சொல்றது? அம்புட்டு மழையில ஒரு மனுசன் நின்னு எழுதிகிட்டு இருக்காரு. இல்ல இல்லன்னா சொல்லிகிட்டு இருக்க முடியும்?"

'ஓவ்' என்றால் சிங்களத்தில் 'ஆமாம்'. தோட்டத்தில் பிறந்த எங்கள் சனத்துக்கு இது ஒரு சொல் மட்டுமல்ல, ஒரு பழக்கம். கையில் காகிதத்தோடு ஒருவர் வாசலில் வந்து நின்றால், கேள்வி விளங்கினாலும் விளங்காவிட்டாலும் ஓவ். பெரட்டுக் களத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது குனிந்த தலையோடு பதில் சொல்லிப் பழகியவர்கள். இல்லை என்று சொன்னால் ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லச் சிங்களம் வேண்டும். ஓவ் என்று சொன்னால் அவர் எழுதிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போய்விடுவார். மரியாதையும் மிஞ்சும், மானமும் மிஞ்சும். என்ன எழுதிக்கொண்டு போனார் என்பது மட்டும் தெரியாது.

அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். லுணுகலைச் சந்தையில் அம்மா பேரம் பேசுவதைப் பார்க்க வேண்டும். கிராமத்துச் சிங்களப் பெண்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறைதான். எங்கள் லயத்துக்குக் கீழே இருக்கிற கிராமத்திலிருந்து கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க வரும் பெண்கள் அம்மாவோடு பாதித் தமிழும் பாதிச் சிங்களமுமாகப் பேசிச் சிரிப்பார்கள். "அக்கே, கூட பாரமா இருக்கு, ஒரு கை புடிங்க" என்பார்கள். காய்ச்சலுக்கும் உப்புக்கும் மழைக்கும் கருவாட்டுக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அம்மாவிடம் சிங்களம் இருக்கிறது. திட்டுவதற்குத் தாராளமாகவே இருக்கிறது. நானாவின் கடையில் போய் நின்றால் நாலு விதப் பேச்சும் ஒரே நேரத்தில் கேட்கும், யாரும் யாரையும் நிறுத்தி என்ன சொன்னாய் என்று கேட்டதில்லை. சனங்களுக்கிடையில் பாஷை ஒரு பிரச்சினையாக இருந்ததை நான் கண்டதே இல்லை. காகிதம் வந்தால்தான் வில்லங்கம். "உங்களது நிரந்தர வதிவிடம் யாதாயினும் வேறு இடத்தில் அமைந்துள்ளதா" என்பதற்குச் சந்தையில் சிங்களம் கிடையாது. சொல்லப் போனால் அதற்குச் சந்தையில் தமிழும் கிடையாது.

இரண்டு நாள் கழித்துப் பாடசாலையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஊவா மாகாணத்தில் நீங்கள் எந்த ஊரை நினைத்தாலும் பொருந்தும். வாசலில் மூன்று மொழியிலும் பெயர்ப்பலகை. உள்ளே மூன்று மொழியிலும் 'தயவுசெய்து அமைதி காக்கவும்'. அதற்கு மேல் தமிழில் எதுவும் இல்லை. தமிழ் பேசுகிறவர்களிடம் அந்த அலுவலகம் எதிர்பார்ப்பது அமைதியைத்தான் போலிருக்கிறது.

அம்மாவை வாங்கில் உட்கார வைத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். வெளிக்கள உத்தியோகத்தர் யார், எங்கள் தோட்டத்துக்கு வந்தது யார் என்று சிங்களத்தில் சத்தமாகவே கேட்டேன். பின்னால் மேசையிலிருந்து ஓர் இளைஞர் எழுந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கை கூப்பினார்.

"வணக்கம் டீச்சர். நீங்கள் நலமா?"

தமிழில்தான் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னார். அதைச் சொல்லிக்கொடுத்தது நான்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். நான் பதுளையில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறுகளில் அரசாங்க ஊழியர்களுக்கான தமிழ்ப் பாடநெறிக்கு வளவாளராகப் போய்ப் படிப்பிக்கிறேன். சிங்கள உத்தியோகத்தர்கள் தமிழ் படித்துத் தேற வேண்டும், தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களம் படித்துத் தேற வேண்டும், இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது, பதவி உயராது. நல்ல சட்டம். கேட்பதற்கு நெஞ்சு நிறையும். பல மொழி பேசும் தீவு என்று தொடக்க விழாவில் குத்துவிளக்கேற்றி ஒருவர் பேசுவார், நாங்கள் கை தட்டுவோம். பிறகு நான் வகுப்புக்குள் போய் "தாங்கள் வந்த காரியம் யாது?" என்று பலகையில் எழுதுவேன்.

ஆம், அதைத்தான் எழுதினேன். எங்கள் தோட்டத்தில் ஒரு மனிதப் பிறவி பேசாத தமிழ். கைநூலில் அப்படித்தான் இருந்தது. முப்பது பேரும் தங்கள் கொப்பிகளில் அதைச் சிங்கள எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். வாய்மொழிப் பரீட்சைக்குப் பத்துக் கேள்விகள். அந்தப் பத்தையும் இரண்டு வாரத்துக்கு முன்பே வகுப்பில் கொடுத்துவிடுவது வழக்கம். எனக்கு முன்னால் இருந்த வளவாளரும் கொடுத்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் கொடுத்திருப்பார். பாவம், வேலை நிரந்தரமாகட்டுமே என்று ஓர் இரக்கம். எங்கள் பாஷையைப் படிக்க வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று அதற்குள் ஓர் அற்ப சந்தோஷம். கடைசி நாள் வீட்டிலிருந்து பாற்சோறும் கொக்கிசும் கொண்டு வருவார்கள். வாழைப்பழம், கட்டச்சம்பல், படம் பிடித்தல். வாய்க்குள் பாற்சோற்றை வைத்துக்கொண்டு யாரைப் பெயில் விடுவது?

இந்த இளைஞர் பரீட்சைக்கு என் முன்னால் உட்கார்ந்தது நன்றாக நினைவிருக்கிறது. கேள்விகளை வரிசைப்படி கேட்டுக்கொண்டு வந்தேன், பதில்களும் வரிசைப்படி வந்தன. நடுவில் ஒரு கேள்வியைத் தவறுதலாகத் தாண்டிவிட்டேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டேன். "பேருந்தில்" என்றார். தாண்டிய கேள்விக்கான பதில் அது. இரண்டு பேரும் சிரித்தோம். அவர் வெட்கப்பட்டுக் கன்னம் சிவந்து, "சொரி டீச்சர்" என்றார். நான் சிரித்துக்கொண்டே 'சித்தி', அதாவது தேர்ச்சி, என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

அந்தப் பேருந்துதான் அம்மாவின் வாசலில் வந்து நின்றிருக்கிறது.

அவர் கெட்டவர் இல்லை. அது என் ஆத்திரத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றியது. அம்மாவுக்குத் தன் கதிரையைக் கொண்டு வந்து போட்டார். மழை நாளில் பிளேன்ட்டி கொடுத்த அம்மா இவர்தான் என்று பக்கத்து மேசைக்குச் சொன்னார். கோப்பை உடனே எடுத்து விரித்தார். படிவம் முழுக்கச் சிங்களம். தமிழ்ப் படிவம் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது டீச்சர், அலுமாரியில் இருக்கிறது, அதை நிரப்பி அனுப்பினால் மேலே வாசிக்க ஆள் இல்லாமல் திரும்பி வருகிறது என்றார். எல்லாம் சிங்களத்தில்தான் சொன்னார். நானும் சிங்களத்தில்தான் கேட்டேன்.

நான் ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பிள்ளைகளுக்குப் பதுளையில் வீடு உண்டா? ஓவ். விண்ணப்பதாரர் அங்கே வசிக்கிறாரா? ஓவ். நிரந்தரமாகவா? ஓவ். லயத்து அறையை ஒப்படைக்கச் சம்மதமா? ஓவ். கீழே அம்மாவின் கையெழுத்து, தமிழில், கோணல் மாணலாக, பெரட்டுப் புத்தகத்தில் போட்டுப் பழகிய அதே கையெழுத்து. பதுளையில் எனக்கு வீடாம். இன்னொருவர் வீட்டு மேல்மாடியில் நாங்கள் நாலு பேர் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா அங்கே வந்து நாலு நாள் இருந்தார். ஐந்தாம் நாள் படியில் இறங்க முழங்கால் விடவில்லை என்று அழுதார், கொண்டு போய் விட்டேன்.

கையெழுத்துக்குக் கீழே கடைசியாக ஒரு கட்டம். 'விசாரணை நடத்தப்பட்ட மொழி.' அதில் 'தமிழ்' என்பதற்கு நேரே சரி போட்டிருந்தது.

"இது என்ன?" என்று கேட்டேன்.

அவருக்கு என் குரல் மாறியது விளங்கவில்லை. "தமிழ் ஆட்களுக்கு அப்படித்தான் போட வேண்டும் டீச்சர். போடாவிட்டால் படிவத்தைத் திருப்பி அனுப்புவார்கள்" என்றார். பிறகு எனக்கு உதவி செய்கிற அக்கறையோடு, மேன்முறையீடு செய்யலாம், அடுத்த கிழமை மேலதிகாரி விசாரிப்பார், தானே நேரம் எடுத்துத் தருகிறேன் என்றார். கை நீட்டி அறைய வேண்டும் போலிருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

அடுத்த கிழமை மேலதிகாரியின் அறைக்குள் நாங்கள் நாலு பேர். மேலதிகாரி அம்மணி, அந்த இளைஞர், அம்மா, நான். அம்மணிக்கு என் வயதிருக்கும். களைத்த முகம், மரியாதையான பேச்சு. நான் சிங்களத்தில் சொன்னேன்: என் தாயாருக்குக் கேள்விகள் விளங்கவில்லை, விளங்காமல் சொன்ன பதில்கள் இவை, சுவர் வெடித்திருக்கிறது, படம் இருக்கிறது, மறுபடி விசாரிக்க வேண்டும். படத்தைப் பார்த்து அவர் முகம் சுருங்கியது. இரக்கமானவர்தான். கோப்பைத் திருப்பினார். கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"தமிழில்தானே விசாரித்திருக்கிறார்கள்?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொரு கோப்பை எடுத்தார். இளைஞருடைய கோப்பு. அதில் ஒரு தாளைப் புரட்டி என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இவருக்குத் தமிழில் தேர்ச்சி இருக்கிறது. வாய்மொழியில் நல்ல புள்ளி. தேர்ச்சியுள்ள உத்தியோகத்தர் தமிழில் விசாரித்துக் கையெழுத்தும் வாங்கிய படிவத்தை, விளங்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி என்னால் தள்ளிவிட முடியாது மிஸ். நாளைக்கு எல்லாரும் அப்படிச் சொல்வார்கள்."

தாளின் அடியில் என் கையெழுத்து. வளைத்து வளைத்துப் போட்டிருந்தேன், வால் வைத்து. அவர் அதைக் கவனித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இளைஞர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குத் தெரியும், நான்தான் தேற வைத்தேன். மூன்று மொழியிலும் அதைச் சொல்ல என்னால் முடியும். நான் சொல்லவில்லை. தொண்டை அடைத்தது என்றெல்லாம் பூசி மெழுகப் போவதில்லை. பயந்தேன். வளவாளர் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஐந்து வருடமாக நான் தேற வைத்தவர்கள் எல்லாரும் எந்தெந்த வாசலில், எந்தெந்தக் கட்டத்தில் சரி போட்டிருப்பார்கள் என்ற எண்ணம் வந்து அதற்கும் பயந்தேன். பாராட்டு விழாவில் எனக்குப் போர்த்திய பொன்னாடை நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அதுவா நினைவுக்கு வரவேண்டும்? வந்தது.

அம்மணி காத்திருந்துவிட்டு, எனக்கு உதவுவதாக நினைத்துக் கடைசி வாய்ப்பொன்று கொடுத்தார். "தாயாரிடமே கேட்போம். இந்த உத்தியோகத்தர் உங்களோடு தமிழில் பேசினாரா என்று கேளுங்கள். நீங்களே மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

எனக்கு உயிர் வந்தது. நான் சொல்ல வேண்டியதை அம்மா சொல்லிவிடுவார். என் பெயர் அடிபடாது. அம்மாவின் பக்கம் திரும்பித் தெளிவாகக் கேட்டேன்.

"இந்த மாத்தயா அன்னிக்கு ஓங்கிட்ட தமிழ்ல பேசினாரான்னு நோனா கேக்குறாங்க. நடந்தத அப்படியே சொல்லு."

அம்மா என் முகத்தைப் பார்த்தார். மேசையில் விரித்திருந்த தாளைப் பார்த்தார். பிறகு அம்மணியைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஆமாங்க நோனா. தமிழ்லதான் பேசினாரு. நல்லாப் பேசினாரு."

சொன்னதோடு விடாமல் தலையையும் நன்றாக ஆட்டினார். மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. ஆனாலும் நான் மொழிபெயர்த்தேன், சொல்லுக்குச் சொல் சரியாக. என் தாயின் காணியை என் வாயாலேயே நல்ல சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். அம்மணி பெருமூச்சு விட்டுக் கோப்பை மூடினார். இளைஞர் வாசல் வரை வந்து அம்மாவுக்குக் குடையை விரித்துக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கட்டும். நல்லாக் கலங்கட்டும்.

பஸ்ஸில் ஏறி உட்காரும் வரைதான் பொறுத்தேன். பிறகு வெடித்தேன். சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், எனக்குக் கவலையில்லை.

"ஒனக்குப் பைத்தியமா? எதுக்கு அப்படிச் சொன்ன? அந்தாளுக்கு ஒரு வார்த்த தமிழ் தெரியாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொரைக்கு முன்னால ஆளக் காட்டிக் குடுக்கக் கூடாது, அதான ஒங்க பெரட்டுச் சட்டம்? அந்தக் காலம் இன்னும் போகலையா? அந்தாளு வேல போயிரும்னு ஒனக்கு அம்புட்டுப் பாசமா? சொவரு விழுந்தா அவரா வந்து தூக்குவாரு?"

உண்மைதான், தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பெரட்டுக் களத்தில் பக்கத்தில் நிற்பவள் இலையில் தண்ணீர் தெளித்து நிறை கூட்டியிருந்தாலும், துரை கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வார்கள். தங்கள் ஆளைத் தாங்களே துரையின் வாயில் போடக் கூடாது. தலைமுறை தலைமுறையாக அடி வாங்கிக் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது. அந்த ஒழுக்கத்தைக் கொண்டு போய் இந்த அலுவலகத்தில் கொட்டிவிட்டு வந்தாரே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இப்படியே குனிந்து குனிந்துதான் நாசமாய்ப் போனோம் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எழுதக் கூசும் சொற்களும் அதில் இருந்தன.

எல்லாம் சொல்லி முடித்து நான் மூச்சு வாங்கும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்.

"அவருக்காக சொன்னேன்னு யாரு சொன்னா?"

"பின்ன யாருக்காக?"

"நோனா அந்தத் தாளத் தொறந்தப்ப ஓன் மொகம் போன போக்க நான் பாத்தேன். அதுல ஓன் கையெழுத்து இருந்துச்சு. எனக்கு வாசிக்கத் தெரியாட்டியும் ஓன் கையெழுத்துத் தெரியாதா? கிளினிக் கொப்பியில நீதான போடுற. அவரும் ஒன்னைய டீச்சர் டீச்சர்னு கூப்புடுறாரு. அவருக்குத் தமிழ் தெரியலன்னு நான் சொன்னா, படிச்சுக் குடுத்தவ யாருன்னுதான கேப்பாங்க?"

நான் பஸ் டிக்கட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

"நீயும் வாயத் தொறக்காம ஒக்காந்திருந்த. அப்போ இது சொல்லக் கூடாத விசயம்னு வெளங்கிகிட்டேன். நான் அந்த லயத்துலதான பொறந்தேன். இருந்துட்டுப் போறேன் விடு."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து வெற்றிலையை எடுத்தார். தோட்டத்துச் சந்தியில் அவர் இறங்கினார். அந்த ஏற்றத்தில் குடையை ஊன்றிக்கொண்டு அவர் ஏறிப் போனார். நான் அதே பஸ்ஸில் இருந்தேன்.

காட்டிக்கொடுக்காதவர்கள் என்று என் சனத்தைத் திட்டினேன். அம்மா மறைத்தது அந்த இளைஞரை அல்ல. குற்றவாளியை அவர் சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறார், அது தன் மகள் என்றும் கண்டிருக்கிறார், அதனால்தான் மறைத்தார். ஓவ் சொன்னது அறியாமை என்று சொல்லலாம். இந்த ஆமாங்க அறியாமை இல்லை. ஒரு மலையையும் ஒரு மகளையும் எடை போட்டுப் பார்த்து, மலையின் கீழேயே இருந்துவிடுகிறேன் என்று சொன்ன பதில் அது. எடை போடும் நிலையில் அவரை வைத்தது நான். பாற்சோறு சாப்பிட்டு, சிரித்து, வால் வைத்துக் கையெழுத்துப் போட்டவள்.

அந்தச் சனிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். இந்த உத்தியோகத்தருக்குத் தமிழ் பேசவோ விளங்கிக்கொள்ளவோ தெரியாது. பரீட்சைக் கேள்விகளை நான் முன்கூட்டியே கொடுத்தேன். மனப்பாடம் செய்த பதில்களுக்குச் சித்தி வழங்கினேன். அவருக்கு மட்டுமல்ல, என்னிடம் தேறிய எவருக்கும் அப்படித்தான். ஆகவே என் கையெழுத்தை நம்பி என் தாயாரின் மேன்முறையீட்டை நிராகரிக்க வேண்டாம். என் மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கையை எடுங்கள், அம்மாவைத் தமிழ் தெரிந்த ஒருவர் வந்து மறுபடி விசாரிக்கட்டும். ஒரு பக்கம் வந்தது. நல்ல தமிழ், எங்கள் தமிழ், யாது கீது இல்லாத தமிழ். அடித்துத் திருத்தாமல் ஒரே மூச்சில் எழுதினேன். வருடக்கணக்கில் இவ்வளவு நேர்மையாக ஒரு தாளில் நான் தமிழ் எழுதியதில்லை.

மடித்து உறையில் போட்டு, அலுவலகத்தின் விலாசத்தை எழுதப் போகும்போது கை நின்றுவிட்டது. அந்தக் கட்டடத்தில் இதை யார் வாசிப்பார்?

ஒவ்வொரு மேசையாக நினைத்துப் பார்த்தேன். கவுண்டரில் இருக்கும் பெண், பின் மேசைக்காரர்கள், கோப்புக்காரர், அம்மணி. பெரும்பாலானவர்களை எனக்குத் தெரியும். எல்லாரும் தமிழில் சித்தி பெற்றவர்கள். கடிதத்தை உறையிலிருந்து எடுத்து நாலாய்க் கிழித்துப் போட்டுவிட்டு, இன்னொரு தாளை எடுத்து, அதே கடிதத்தை முதல் வரியிலிருந்து சிங்களத்தில் எழுதினேன்.